டிங்கியைத் தடுக்க எதில் பணம் போடுவது: புகையா, புழு மருந்தா, வொல்பாக்கியாவா, தடுப்பூசியா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் நாங்கள் குடியிருக்கும் தாமானில் (குடியிருப்புப் பகுதி) ஒரே வரிசையில் மூன்று வீடுகளுக்கு டிங்கி (டெங்கு காய்ச்சல்) வந்துவிட்டது. மூவரும் மருத்துவமனையில் இருந்துவிட்டு நலமாகத் திரும்பினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். சங்கக் கணக்கில் இருப்பது சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). "ஒரு புகை மெஷின் வாங்கிடுவோம்ண்ணே, மாசா மாசம் நாமளே அடிச்சுக்கலாம்" என்றார் லாரி ஓட்டும் தம்பி. "அந்தக் காசை வசதியில்லாத பிள்ளைங்களோட ஊசிக்குக் கொடுங்க" என்றார் பின்வரிசை அக்கா. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண் ஒருத்தி, சிலாங்கூரில் விட்டது போல வொல்பாக்கியா கொசுவை (டிங்கி வைரஸைச் சரியாகப் பெருகவிடாத பாக்டீரியா உள்ள கொசு) இங்கேயும் விடச் சொல்லிக் கேட்கலாமே என்றாள். இரண்டு மணி நேரம் பேசியும் முடிவு இல்லை.

அப்புறம் பாகான் டத்தோவிலிருந்தும் கோல கெட்டிலிலிருந்தும் நண்பர்கள் இதே கேள்வியை அனுப்பினார்கள். தோட்டத்தை ஒட்டிய எல்லாச் சிற்றூர்களிலும் இதே தடுமாற்றம்தான் போல. என் அப்பா தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸராக (மருத்துவ உதவியாளர்) இருந்தவர். நானோ டிங்கியில் இருமுறை படுத்தவன். அதனால் இதை நிதானமாக எழுதத் தோன்றியது.

எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து கேள்விகளை வைத்துக்கொண்டேன். நம்மிடம் இருப்பது எந்தக் கொசு? இந்த வழி கொசுவின் எந்தப் பருவத்தைத் தொடுகிறது? பலன் எத்தனை நாள் நிற்கும்? சங்கமே செய்ய முடியுமா, அரசாங்கம்தான் செய்ய வேண்டுமா? விலைப்பட்டியலில் எழுதாத செலவு என்ன? இவற்றில் முதல் கேள்வியைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டிங்கியைப் பரப்புவது இரண்டு வகை ஏடிஸ் கொசுக்கள். ஏடிஸ் எஜிப்தி வீட்டோடு வாழ்வது. அலமாரிக்குப் பின்னால், தொங்கும் துணிகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும். மனித இரத்தம்தான் அதற்குப் பிடிக்கும். ஒரு வேளை வயிறு நிறைய இரண்டு மூன்று பேரைக் கடிக்கும். ஏடிஸ் அல்போபிக்டஸ் வெளியில் வாழ்வது. மூங்கில் அடிக்கட்டை, மரப்பொந்து, வாழை மட்டையின் இடுக்கு, வெட்டாமல் விட்ட பால்மரத்தின் (ரப்பர் மரம்) மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), செம்பனை மட்டைகளில் தேங்கும் மழைநீர், இவையெல்லாம் அதன் தொட்டில். இரண்டும் பகலில் கடிப்பவை. விடிந்த பின்னும் பொழுது சாயும் முன்னும் கடி அதிகம். அடித்த கொசுவைக் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். முதுகின் நடுவே ஒரே வெள்ளைக் கோடு ஓடினால் அது அல்போபிக்டஸ். இருபுறமும் யாழின் வளைவு போலக் கோடுகள் இருந்தால் எஜிப்தி. எங்கள் தாமானில் பார்த்தபோது, சாலைப் பக்கத்து வரிசை வீடுகளில் எஜிப்தி. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பின்வரிசையில் பெரும்பாலும் அல்போபிக்டஸ். ஒரே தாமான், இரண்டு வேறு பிரச்சினைகள்.

இது ஏன் முக்கியம் என்பதை நம் தோட்டங்களே உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தன. 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்து, காட்டை வெட்டி, மலேரியாவைப் பெருமளவு குறைத்தார். மலேரியா வைரஸ் நோய் அல்ல, ஒட்டுண்ணியால் வருவது. ஆனால் பாடம் ஒன்றுதான். அதே வேலையை மலைச்சரிவுத் தோட்டங்களில் செய்தபோது மலேரியா கூடியது. சமவெளியில் நோய் பரப்பிய கொசுவுக்கு நிழல் பிடிக்கும்; மலையோடையில் வளரும் கொசுவுக்கு வெயில் பிடிக்கும். மரத்தை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டியதும் இரண்டாவது கொசு பெருகிவிட்டது. பால்மரக் கன்று நட வந்த நம் முன்னோர் எத்தனையோ பேர் காய்ச்சலில் மாண்ட காலம் அது. கொசுவின் இனத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும் என்று வாட்சன் முடிவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

இன்னும் அண்மையில், 1998 இறுதியில், ஈப்போவைச் சுற்றிய கிந்தா பகுதியில் பன்றி வளர்ப்போருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து, புகை அடித்தார்கள். அதற்குரிய தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைக் கண்டுபிடித்தார். பன்றியிலிருந்து நேராக மனிதருக்குத் தொற்றும் நிப்பா வைரஸ் அது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். எத்தனை புகை அடித்திருந்தாலும் அது நின்றிருக்காது.

சரி, இப்போது ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

புகை அடிப்பது

புகை கொல்வது அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும். முட்டைக்கும் தண்ணீரில் இருக்கும் புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும் என்பதால், அடுத்த வாரமே புதிய கூட்டம் பறக்கும்.

அப்படியானால் புகை வீணா என்றால், இல்லை. டிங்கி நோயாளியைக் கடித்த கொசு உடனே பிறருக்கு நோயைத் தராது. வைரஸ் அதன் வயிற்றிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 8 முதல் 12 நாள் ஆகும். அதற்குப் பிறகு சாகும்வரை அது நோய் பரப்பும். ஆகவே ஒரு வீட்டில் நோய் உறுதியானதும், நாள் கடத்தாமல் சுற்றுவட்டாரத்தில் அடிக்கும் புகைக்கு அர்த்தம் உண்டு. நோய் இல்லாதபோது மாதாமாதம் அடிக்கும் புகையில் அந்த அர்த்தம் இல்லை.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். முதலாவது, டிங்கி நோயாளியைப் பற்றி மருத்துவர் சுகாதார இலாகாவுக்குத் தெரிவித்தாக வேண்டும். இலாகாவே வந்து இலவசமாக அடிக்கும் புகைக்கு மேல் நாமும் காசு கொடுத்து அடிப்பது இரட்டைச் செலவு. இரண்டாவது, பூச்சி மருந்து அடிப்பதைத் தொழிலாகச் செய்ய 1974-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். பயிற்சி இல்லாத தம்பி ஒருவர் முகமூடி இல்லாமல் மருந்தைக் கலப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். மூன்றாவது, நம் நாட்டு எஜிப்தி கொசுக்கள் புகையில் பயன்படும் பைரெத்ராய்டு வகை மருந்துகளை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தேவையில்லாமல் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பழக்கத்தை நாமே வளர்க்கிறோம்.

ஒருமுறை எங்கள் தாமானில் ஆள் வைத்துப் புகை அடித்தோம். வந்தவர் உச்சி வெயிலில் அடித்தார். டீசல் வாடைக்குப் பயந்து பாதி வீடுகள் சன்னலை மூடிக்கொண்டன. எஜிப்தி இருப்பதோ வீட்டுக்குள். வாசல், கால்வாய், சாலை எல்லாம் வெள்ளையாகப் புகைந்தது, எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியில் இரண்டு வாரம் யாரும் வாளியைக் கவிழ்க்கவில்லை. இந்தச் செலவை எந்த ரசீதிலும் பார்க்க முடியாது.

தண்ணீரைத் தேடுவதும் புழு மருந்தும்

கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் துப்புரவு) என்றதும் புல் வெட்டுவதும் கால்வாய் தோண்டுவதும்தான் நினைவுக்கு வரும். அழுக்குக் கால்வாயில் வளர்வது பெரும்பாலும் வேறு கொசு. ஏடிஸ் விரும்புவது தெளிந்த, தேங்கிய, சின்ன அளவுத் தண்ணீர். குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பாத்திரம் கவிழ்க்கும் தட்டின் அடி, யாரும் பயன்படுத்தாத கழிப்பறை, இலை அடைத்த கூரைத் தூம்பு, பழைய டயர், பாத்திரம் கழுவப் பிடித்து வைத்த டிரம். கோயிலையும் விட முடியாது. திருவிழா முடிந்து மூலையில் குவித்த அகல் விளக்குகள், மண் சட்டிகள், தேங்காய் மூடிகளில் நான் புழுவைப் பார்த்திருக்கிறேன். சாமி கும்பிட வந்தவருக்கு அங்கிருந்து நோய் போகக் கூடாது.

கவிழ்ப்பது மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் பல மாதம் உயிரோடு கிடக்கும். அடுத்த மழையில் தண்ணீர் ஏறியதும் பொரியும். வாரம் ஒருமுறை ஒரு பழைய பிரஷ்ஷால் சுற்றித் தேய்த்துவிட்டால், அந்த வாரத்துக் கணக்கு முடிந்தது.

கவிழ்க்க முடியாத தண்ணீருக்குத்தான் மருந்து. இரண்டு வகை உண்டு. அபேட் என்று நாம் சொல்லும் டெமிபாஸ் மணல்: 100 லிட்டருக்கு 10 கிராம் என்பது வழக்கமான அளவு, மெதுவாகக் கரைந்து சில வாரங்களுக்கு மேல் வேலை செய்யும். தண்ணீரை அடிக்கடி மாற்றும் வீட்டில் அவ்வளவு நாள் நிற்காது. இன்னொன்று பி.டி.ஐ. என்ற பாக்டீரியா. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் கண்டெடுத்தது. புழு அதைத் தின்றதும், காரத்தன்மையுள்ள அதன் குடலில் நச்சுப் படிகம் கரைந்து குடலைக் கிழித்துவிடும். மீனுக்கோ கோழிக்கோ மனிதருக்கோ கேடு இல்லை. குறை என்னவென்றால், பலன் பல நாள் நிற்காது. திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஆனால் மருந்தை நீர்த்துளியாக விசிறி அடிக்கும் கருவி இருந்தால், கைக்கு எட்டாத புதர், மட்டை இடுக்கு, மூங்கில் கட்டை எல்லாவற்றிலும் போய் விழும். அல்போபிக்டஸ் உள்ள பின்வரிசைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

இதன் மறைந்த செலவு மனித உழைப்பு. 20 வீடு சுத்தமாக இருந்து ஒரு வீடு பூட்டிக் கிடந்தால், அந்த ஒரு வீடு போதும். சிங்கப்பூரோ கோலாலம்பூரோ வேலைக்குப் போனவர்களின் வீடுகள் எங்கள் தாமானிலும் உண்டு. சாவியை யாரிடமாவது கொடுத்துப் போகச் சொல்வதும், தோட்ட நிர்வாகத்திடம் பேசி எல்லையோரத்து மங்குகளைக் கவிழ்க்கச் செய்வதும் மருந்தைவிடக் கடினமான வேலை. சட்டம் துணைக்கு இருக்கிறது: நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வளாகத்தில் புழு இருந்தால் 500 வெள்ளி அபராதம் விதிக்கலாம். ஆனாலும் அண்டை வீட்டாரை அதிகாரியிடம் காட்டிக்கொடுப்பதைவிட, கதவைத் தட்டி "அண்ணே, ஒரு நிமிஷம் பின்பக்கம் பார்த்துக்கலாமா" என்று கேட்பது நல்லது.

வொல்பாக்கியா கொசு

வொல்பாக்கியா என்பது பூச்சிகளின் செல்லுக்குள் வாழும் பாக்டீரியா. அது உள்ள எஜிப்தியில் டிங்கி வைரஸ் சரியாகப் பெருகாது. தாயிடமிருந்து முட்டை வழியாகப் பிள்ளைக்குப் போகும். அது உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. அதனால் சில மாதம் தொடர்ந்து விட்டால், ஊர்க்கொசுவில் பெரும்பகுதி இந்த வகையாகவே மாறிவிடும். இந்தோனேசியாவின் யோக்யாகார்த்தாவில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2021-இல் வந்தது: டிங்கி 77 சதவீதம், மருத்துவமனைச் சேர்க்கை 86 சதவீதம் குறைவு.

நம் நாட்டில் மருத்துவ ஆய்வுக் கழகம், வெயிலைத் தாங்கும் வேறொரு ரகத்தைத் தேர்ந்து சிலாங்கூரில் விட்டது. 2019-இல் வெளிவந்த ஆய்வில் அந்த இடங்களில் டிங்கி சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. எனக்கு வியப்பைத் தந்த செய்தி, அந்த ரகம் முதலில் எடுக்கப்பட்டதே அல்போபிக்டஸிலிருந்து. நம் பால்மரக் காட்டுக் கொசு இயற்கையிலேயே அதைச் சுமக்கிறது. அப்படியிருந்தும் டிங்கியைப் பரப்புகிறது.

இதனால்தான் அந்தப் பெண்ணின் யோசனையைக் கேட்டதும் மகிழ்ந்தாலும் எங்கள் ஊருக்கு அதை முதலிடத்தில் வைக்க மாட்டேன். விடுவது எஜிப்தி, மாற்றுவதும் எஜிப்தியை மட்டும். அடுக்குமாடிகள் நெருங்கிய, எஜிப்தி நிறைந்த பகுதியில் இதற்கு ஈடு இல்லை. ஒருமுறை நிலைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் தானே தொடரலாம். செம்பனையும் புதரும் சூழ்ந்த சிதறிய ஊரில் பாதிப் பகையைத்தான் தொடும். தவிர, எந்தச் சங்கமும் இதைக் கடையில் வாங்க முடியாது. சுகாதார அமைச்சுதான் இடத்தைத் தேர்ந்து விடும். பல மாதம் கூடுதல் கடியைப் பொறுத்துக்கொள்ள எல்லா வீடுகளும் ஒப்ப வேண்டும்.

தடுப்பூசி

கியூடெங்கா என்ற தடுப்பூசி 2024 முதல் மலேசியாவில் 4 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அனுமதி பெற்றிருக்கிறது. மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஊசி. பெரிய சோதனையில் முதல் ஆண்டில் டிங்கியை ஏறக்குறைய 80 சதவீதமும், ஒன்றரை ஆண்டில் மருத்துவமனைச் சேர்க்கையை 90 சதவீதமும் தடுத்தது. நாலரை ஆண்டுக் கணக்கில் அவை முறையே 61, 84 என்று இறங்கின. இறங்கினாலும் சின்ன விஷயம் அல்ல. 2019-இல் நம் நாட்டில் 130,101 பேருக்கு டிங்கி வந்து 182 பேர் இறந்தார்கள்.

டிங்கி வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்து போனால் அதற்கு மட்டும் நெடுநாள் காப்பு. இரண்டாவது வகை வரும்போது பழைய எதிர்ப்பொருள் வைரஸுக்கே கதவைத் திறந்துவிடுவது போல ஆகி, நோய் கடுமையாகலாம். என் இரண்டாவது டிங்கியில் நான் நான்கு நாள் நரம்பு வழியாகச் சொட்டுநீர் ஏற்றிக்கொண்டு கிடந்தேன். முந்தைய டெங்வாக்சியா ஊசி சிக்கலில் மாட்டியதும் இதனால்தான். 2016-இல் பிலிப்பீன்ஸ் பள்ளிகளில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். முன்பு டிங்கி வராதவருக்கு அது ஆபத்தைக் கூட்டலாம் என்று 2017 இறுதியில் தெரிந்து திட்டம் நின்றது. கியூடெங்காவில் அப்படிப்பட்ட ஆபத்து உறுதியாகவில்லை. ஆனால் டிங்கியே வராதவருக்கு மூன்றாவது, நான்காவது வகைகளுக்கு எதிரான காப்பு நிச்சயமில்லை. உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரித்தது என்பதால் கர்ப்பிணி, பாலூட்டும் தாய், எதிர்ப்புசக்தி குறைந்தவர் போட்டுக்கொள்ளக் கூடாது.

செலவைப் பார்த்தால், தனியார் கிளினிக்கில் ஒரு குடும்பமே போட்டுக்கொள்ள நம் மக்களின் மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு போகும். ஏடிஸ் கொசுவே பரப்பும் இன்னொரு காய்ச்சலான சிக்குன்குன்யாவுக்கு இது உதவாது. தோட்டப்புறத்தில் அதை மறக்க முடியாது. 2008-இல் ஜொகூரில் தொடங்கி நாடெங்கும் பரவிய சிக்குன்குன்யாவின் வைரஸ், ஒரே ஒரு மாற்றத்தால் அல்போபிக்டஸில் நன்றாக வளரக் கற்றுக்கொண்டது. முட்டி வலியால் பால்மரம் வெட்டப் போக முடியாமல் எத்தனை பேர் உட்கார்ந்துவிட்டார்கள் என்பது நம் வயதினருக்கு நினைவிருக்கும்.

ஒரே பார்வையில்

| வழி | தொடுவது | பலன் நிற்பது | மறைந்த செலவு | எப்போது சிறந்தது |
|---|---|---|---|---|
| புகை | பறக்கும் கொசு | சில நாள் | பொய் நிம்மதி, மருந்து எதிர்ப்பு | நோய் உறுதியான உடனே |
| தேடுதல், புழு மருந்து | முட்டை, புழு | ஒரு வாரம் முதல் சில வாரம் | உழைப்பு, பூட்டிய வீடுகள் | எப்போதும். அல்போபிக்டஸ் உள்ள இடத்தில் கட்டாயம் |
| வொல்பாக்கியா | எஜிப்தி மட்டும் | ஆண்டுகள் | பல மாதக் கடி, அரசாங்கத்தின் முடிவு | நெருக்கமான நகர்ப்பகுதி |
| தடுப்பூசி | மனிதர் | ஆண்டுகள், மெல்லக் குறையும் | இரண்டு ஊசி விலை, சிக்குன்குன்யாவுக்கு இல்லை | முன்பே டிங்கி வந்தவர் |

எங்கள் கூட்டத்தில் நான் சொல்லப்போவது

சங்கப் பணத்தில் புகை மெஷின் வேண்டாம். பி.டி.ஐ. அடிக்கும் கருவி ஒன்று, வருடத்துக்கான மருந்து, நான்கு டார்ச்லைட்டு. வரிசைக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பகலில் வீட்டில் இருக்கும் பாட்டிமார் கதவைத் திறக்க அதுதான் வசதி. புகைக்கு, நோய் வந்த அன்றே இலாகாவைக் கூப்பிடுவோம். அவர்கள் வரும்போது சன்னலையும் அலமாரியையும் திறந்து வைத்துவிட்டு வெளியே நிற்போம்.

ஊசி ஒவ்வொரு குடும்பத்தின் முடிவு. ஆனால் ஏற்கெனவே ஒருமுறை டிங்கி வந்தவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு முதலில் போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்வேன். நான் போட்டுக்கொண்டேன். தந்தை இல்லாத இரண்டு பிள்ளைகளுக்கு முன்பு டிங்கி வந்திருக்கிறது. அவர்களுக்கு மட்டும் சங்கம் கொடுத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

இந்த நான்கிலும் அடங்காத ஒன்றும் உண்டு, விலையும் குறைவு. காய்ச்சல் கண்டவரை முதல் ஐந்து நாள் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். ஊரின் கொசுக்களுக்கு வைரஸ் கிடைப்பது அவரிடமிருந்துதான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின் வேண்டாம். காய்ச்சல் இறங்கும் நாளில் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பின்வரிசையிலிருந்து தொடங்குகிறோம். பூட்டிய ஆறு வீடுகளில் நான்கின் சாவி கைக்கு வந்துவிட்டது.